காதோடு பேசுகிறவர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த சில நாட்களிலேயே இருளப்பசாமிக்குத் தெரிந்துவிட்டது, அந்த வீட்டில் தன்னைப் பற்றி ஏதோ பேசுகிறார்கள் என்று. என்ன பேசுகிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை. அடுப்படியில் அவன் மனைவி சண்முகத்தாயும் அவள் தம்பி பால்பாண்டியும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். இவன் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் பேச்சு நிற்கும். "வாங்கத்தான்" என்பான் பால்பாண்டி. அவள் எழுந்து தட்டை எடுப்பாள். தட்டு எடுக்க வேண்டிய நேரமாக அது இருக்காது.

இருபது வருடங்களுக்கு மேல் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவன் அவன். ரிங் ஃப்ரேம் மிஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்து, எங்கே இழை அறுகிறதோ அங்கே விரலால் ஒட்டிவிட்டுப் போகிற வேலை. நூல் ஏறுகிற கதிர்கள் நூற்றுக்கணக்கில் சுற்றும்போது எது நூல் இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது என்று கண்டுபிடிக்கிற கண் வேண்டும். அவனுக்கு அது இருந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நம்பி நிற்கிறவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை.

அந்தக் கூடத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. மிஷின் இரைச்சலில் கத்தினாலும் அடுத்தவனுக்குக் கேட்காது. அதனால் எல்லாம் கைதான். டீ குடிக்கப் போகலாம் என்றால் கட்டைவிரல். மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையைத் தொடுவது. வீட்டுக்காரி என்றால் மூக்குத்தி இருக்கிற இடத்தில் விரல் வைப்பது. மிஷின் நின்றுவிட்டது என்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பது. கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவனோடு இந்தக் கோடியிலிருந்து கல்யாணம், கருமாதி எல்லாம் பேசுவார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்ப்பார்கள், கேலியும் செய்வார்கள். வாயால் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் போய், கையைக் குவித்துக் காதோடு சொல்ல வேண்டும். சும்மா யாரும் அப்படிப் போவதில்லை. ஒருவன் இன்னொருவன் காதருகே குனிந்தால் அது கோளாக இருக்கும், அல்லது யூனியன் விஷயமாக இருக்கும், அல்லது யார் வீட்டிலோ சாவு விழுந்திருக்கும்.

தொண்ணூற்றிரண்டில் தீபாவளி கழிந்த ஒரு திங்கட்கிழமை, காலை ஷிப்டுக்குப் போனவர்கள் மில் கேட்டில் பெரிய பூட்டைப் பார்த்தார்கள். திறந்துவிடுவார்கள் என்று கொஞ்ச நாள் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பந்தலைப் பிரித்த பிறகும் இருளப்பசாமி போய் உட்கார்ந்துவிட்டு வந்தான். மில்லுக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டைத் தை மாதத்தில் காலி செய்தார்கள். பால்பாண்டி வேன் கொண்டுவந்து சாமான்களை ஏற்றினான். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் அரிசிக் கடை வைத்திருந்தான். பெரிய வளவு ஒன்றில், நாலு குடித்தனத்துக்குப் பொதுவான கிணற்றை ஒட்டி அவன் வீடு. பின்கட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தான். கடையில் உட்கார நம்ம ஆள் ஒருத்தர் இருந்தால் எனக்குத் தெம்பு என்றான். குறை சொல்ல முடியாத மனுஷன். அதுவே இருளப்பசாமிக்கு உறுத்தியது.

அந்த அறையில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. மில்லுக்குப் பின்னால் இருந்த வீட்டில் சுவருக்குள்ளேயே இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். அதில் எப்போது வேண்டுமானாலும் தூங்கலாம். இங்கே பல்லி கத்துவதுகூடத் தனியாகக் கேட்டது. சத்தம் நின்றால் ஏதோ உடைந்திருக்கிறது என்றுதான் அவன் உடம்புக்குத் தெரியும். எழுந்து எழுந்து உட்கார்ந்தான். சோறு இறங்கவில்லை. கடையில் படியைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் நிற்கிறவரிடம் என்ன அரிசி கேட்டீர்கள் என்று மறுபடி கேட்டான்.

பேசினால் அதுவும் வம்பாக இருந்தது. இரைச்சலில் வாழ்ந்தவனுக்குக் குரல் உரக்கத்தான் வரும். "தண்ணி குடு" என்று அவன் கேட்டதற்கு எதிர்வீட்டுச் சுடலையம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏட்டி சம்முகத்தாயி, ஒன் வீட்டுக்காரவுக எதுக்கு எந்நேரமும் சண்டை போடுதாக? அரிசிக் கடையில இருந்துக்கிட்டுச் சோத்துக்கா சண்டை?"

சண்முகத்தாய் அவனிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொன்னாள். மெதுவாகப் பேசுவது அவனுக்குக் கோள் சொல்வது போலிருந்தது. அதற்குப் பேசாமலே இருந்துவிடலாம் என்று பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

மாசி மாதத்தில் வளவுக் கிணற்றின் கயிறு காணாமல் போனது. வாளி மட்டும் கப்பிக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது. பெண்கள் கொஞ்ச நேரம் யாரையென்று இல்லாமல் திட்டினார்கள். பால்பாண்டி புதுக்கயிறு வாங்கிப் போட்டான். பழையதை எடுத்தவன் இருளப்பசாமிதான். நைந்து போயிருந்தது, அறுந்தால் யாராவது விழுந்துவிடுவார்கள் என்று எடுத்தான். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். அதைச் சுருட்டிக் கடையின் பின்னால், காலிச் சாக்குக் கட்டுகளுக்கு அடியில் வைத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு காதோடு பேசுவது கூடியது. இப்போது சுடலையம்மாளும் சேர்ந்துகொண்டாள். துணி அலசுகிற கல்லருகே இரண்டு பெண்களும் தலையைச் சேர்த்து நிற்பார்கள். இவன் வந்தால் சண்முகத்தாய் அலசிய துணியையே மறுபடி அலசுவாள்.

ஒருநாள் மதியம் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது, வாசலில் நைனா முகமதுவின் சைக்கிள் நின்றது. மில்லில் அவனுக்கு அடுத்த மிஷின்களைப் பார்த்தவன் நைனா. இருபது வருடம் கையால் பேசிய சிநேகிதம். தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று இருளப்பசாமி வேகமாக உள்ளே நுழைந்தான். நைனா சண்முகத்தாயிடம் குனிந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். "தர்கா" என்றது காதில் விழுந்தது. பிறகு "கொண்டுபோய்" என்றது. இவனைப் பார்த்ததும் நைனா நிமிர்ந்தான். என்னலே இப்படி இளைச்சுட்டே என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் கதிர் வெறுமனே சுற்றுவது இருளப்பசாமிக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவனுக்கு எல்லாம் விளங்கியது. மில்லில் பஞ்சு பிரிக்கிற பகுதியில் ஒருவன் இருந்தான். பெண்டாட்டி செத்த பிறகு யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் அண்ணன்மார் வந்து, வீட்டுக் கொடிக்கயிற்றாலேயே கையைக் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏதோ ஒரு தர்காவில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள் என்று பேச்சு. அவன் திரும்பி வரவே இல்லை. கட்டும்போது தெருவே நின்று பார்த்தது. இருளப்பசாமியும் பார்த்தான்.

மறுநாளே வீட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்தான். காய்ந்த துணிகளை மடித்துத் திண்டின் மேல் வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்துப் போனான். பிறகு பழைய கட்டிலில் தொங்கிய கயிறு. பரணில் சாமான் மூட்டையைக் கட்டியிருந்த கயிறு. ஒவ்வொன்றையும் மடியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோய்ச் சாக்குகளுக்கு அடியில் சேர்த்தான். கயிறு இல்லாத வீட்டில் ஒருவனை எப்படிக் கட்டுவார்கள். கடைசிக் கயிறும் போன அன்று மட்டும் அவனுக்குக் கொஞ்சம் சோறு இறங்கியது.

ஆனால் அவர்கள் விடுகிற மாதிரி இல்லை. சண்முகத்தாய் கொடிக்கயிறு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எது தொலைந்தாலும் கிடைக்கிறவரை கேட்டுக்கொண்டே இருக்கிறவள் அவள். துணிகளைச் சுவரின் மேல் பேசாமல் விரித்துப் போட்டாள். இரண்டு நாள் கழித்து அவனுடைய சவரக் கத்தி இருந்த இடத்தில் இல்லை. கடைத்தெருவில போய்ப் பண்ணிக்கோங்க, நல்லா இருக்கும் என்றாள். குளியலறைத் தாழ்ப்பாளைப் பால்பாண்டி கழற்றினான். துருப்பிடிச்சுப் போச்சு அத்தான், மாத்தணும் என்றான். மாற்றவில்லை. மண்ணெண்ணெய் டின் சுடலையம்மாள் வீட்டுக்குப் போனது. அவன் கிணற்றடிக்குப் போனால் யாராவது ஒருத்திக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. கட்டப்படப் போகிறவனின் பக்கத்தில் கத்தி வைக்கமாட்டார்கள் என்று இருளப்பசாமி நினைத்துக்கொண்டான். சரியாகத்தான் செய்கிறார்கள்.

பங்குனியில் ஒரு காலை எழுந்திருக்கும்போது வேட்டி இழுத்தது. திரும்பிப் பார்த்தான். அவன் வேட்டி நுனியும் சண்முகத்தாயின் முந்தானையும் முடிச்சுப் போட்டிருந்தன. இறுக்கமான முடிச்சு. அவள் வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்கினாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

மில்லில் சிக்கு எடுத்த விரல்கள் முடிச்சை அவள் அறியாமல் அவிழ்த்தன. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. எங்கே போவது என்று அவன் யோசிக்கவில்லை. மில் ஸ்டாப்பில் கால் தானாக இறங்கிவிட்டது.

கேட்டில் அதே பூட்டு. உள்ளே புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. எதிர்ச்சாரியில் நைனா முகமது வாடகை சைக்கிள் கடை போட்டிருந்தான். டயரைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். எழுந்து ரோட்டைக் கடக்க ஒரு எட்டு வைத்தான். இருளப்பசாமி கையை உயர்த்தித் தடுத்தான். கிட்ட வந்தால் காதோடு பேசுவான். அங்கேயே நில் என்றது கை.

நைனா நின்றான். நடுவே ஆலங்குளத்து சிமென்ட் லாரி ஒன்று போனது. தூசி அடங்கியதும் நைனா கட்டைவிரலைக் காட்டினான். டீ குடிப்போமா. இருளப்பசாமி தலையை ஆட்டி மறுத்தான். நைனாவைச் சுட்டினான். மூக்கில் விரல் வைத்தான். கையைக் குவித்துக் காதில் வைத்தான். நீயும் என் வீட்டுக்காரியும் என்ன ரகசியம் பேசினீர்கள்.

நைனா தலையில் அடித்துக்கொண்டான். பிறகு மில்லில் நின்றது போலக் காலை அகட்டி நின்று, மூக்கில் விரல் வைத்தான். இரண்டு விரலால் கண் இமைகளைப் பிரித்துக் காட்டினான். உன் வீட்டுக்காரி தூங்குவதில்லை. இரண்டு கைகளையும் முறுக்கினான். கயிறு. இருளப்பசாமி உடனே தன் மணிக்கட்டுகளைச் சேர்த்துக் காட்டினான். தெரியும், கட்டப் போகிறீர்கள். நைனா அது இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினான். மறுபடி கைகளை முறுக்கினான். இருளப்பசாமியைச் சுட்டினான். தன் கழுத்தைத் தொட்டான். உள்ளங்கையைக் கவிழ்த்தான்.

ஒரு பஸ் குறுக்கே வந்து நின்று, ஆள் இறக்கி, போனது. நைனா இன்னும் உள்ளங்கையைக் கவிழ்த்தபடியே நின்றான்.

இருளப்பசாமி மில் கேட்டின் படியில் உட்கார்ந்தான். கயிறுகள் காணாமல் போகப் போக, அவை அவன் கழுத்துக்கு என்று அவள் நினைத்திருக்கிறாள். கத்தியும் தாழ்ப்பாளும் மண்ணெண்ணெயும் போனதும் முந்தானை முடிச்சு விழுந்ததும் அதைத் தடுக்கத்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. கிறுக்கி, நான் போய் அப்படிச் செய்வேனா. கட்டிவிடுவார்கள் என்று பயந்தல்லவா ஒளித்தேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. கொடிக்கயிற்றை அந்தப் பயத்தில்தான் எடுத்தான். கட்டில் கயிற்றையும் அப்படித்தான். ஆனால் முதல் கயிறு, கிணற்றுக் கயிறு? அதை எடுத்தபோது நைனா அந்த வீட்டுக்கே வந்திருக்கவில்லை. தர்கா என்ற சொல்லை யாரும் சொல்லியிருக்கவில்லை. யார் கட்டுவார் என்று பயந்து அதை எடுத்தான்? நைந்திருந்தது என்று சொன்னானே, உண்மையில் நைந்திருந்ததா? யோசித்துப் பார்த்தான். கயிறு நன்றாகத்தான் இருந்தது.

இத்தனை நாள் எல்லோரையும் சந்தேகப்பட்டவனுக்கு, ஒருத்தனை விட்டுவிட்டோம் என்று தோன்றியது.

எழுந்து ரோட்டைக் கடந்து போனான். நைனா ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"ஏலே, நான் என்ன தர்காவுக்கு ஆள் பிடிக்கிறவனா? எங்க வீட்டுக்காரி கேட்டா, அவியளை அங்க கொண்டுபோய்ச் செத்த நேரம் உக்கார வச்சாத் தெம்பா இருக்குமேன்னு. அதைத்தான் தங்கச்சிட்ட சொன்னேன். கூடவே டாக்டரையும் சொன்னேன். அது ஒன் காதுல விழலியாக்கும்."

"மெதுவாப் பேசுனா என்ன எழவு காதுல விழும்" என்றான் இருளப்பசாமி.

நைனா தன் கதையைச் சொன்னான். பூட்டுப் போட்ட புதிதில் அவனும் ஷிப்ட் நேரத்துக்கு எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பானாம். பிள்ளைகளை அடித்தானாம். சனிக்கிழமை சனிக்கிழமை மதுரையிலிருந்து ஒரு மனநல டாக்டர் இங்கே வருகிறார், அவரிடம் போய்வந்த பிறகுதான் இந்தக் கடையைப் போட்டேன் என்றான். தான் போனதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. சொன்னால் கிறுக்கன் என்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவனும் சண்முகத்தாயும் நைனாவும் போனார்கள். டாக்டர் கண்ணாடி போட்ட சின்ன வயதுக்காரர். குரல் மிகத் தணிந்திருந்தது. அதுவே இருளப்பசாமிக்குப் பிடிக்கவில்லை. ஐயா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சத்தமாகச் சொல்லுங்கள் என்றான்.  டாக்டர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டு, வெளியே பெஞ்சில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி பேசினார். இது பைத்தியம் இல்லை என்றார். வேலை, வீடு, ஊர், தூக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் மாறினால் மனசு தடுமாறும். தடுமாற்றத்தில் பயமும் சந்தேகமும் வரும். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் பழகிவிடும், ஆனால் தானாகப் பழகட்டும் என்று தனியாகக் கிடக்கக் கூடாது. தூங்குவதற்குக் கொஞ்ச நாள் மாத்திரை தந்தார். வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார். தினமும் குறித்த நேரத்தில் எழ வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், பழைய சிநேகிதர்களைப் பார்க்க வேண்டும் என்றார்.

செத்துப் போகலாம் என்று தோன்றியிருக்கிறதா என்று நேராகக் கேட்டார். இருளப்பசாமி இல்லை என்றான். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். தோன்றினால் ஒளிக்காமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும், சொல்வதில் பாதி பயம் போகும் என்றார். பிறகு சண்முகத்தாயை மட்டும் கொஞ்ச நேரம் உள்ளே இருக்கச் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நேரம் முழுவதும் இருளப்பசாமி கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மாத்திரையில் தூக்கம் வந்தது. மாத்திரை தீரத் தீரக் குறைந்தது. பால்பாண்டிதான் ஒரு வழி கண்டுபிடித்தான். கடைக்குப் பக்கத்தில் ஒரு மாவு மில் இருந்தது. மிளகாய் திரிக்கிற நேரம் தவிர, மதியம் அதன் சுவரோரம் அத்தானுக்கு ஒரு பாய் விரித்துக் கொடுத்தான். பெல்ட் ஓடுகிற இரைச்சலில் இருளப்பசாமி கட்டை மாதிரித் தூங்கினான்.

"எங்க வீட்டுல மெத்தை கெடக்கு. அத்தானுக்கு மாவு மிஷின்தான் தாலாட்டு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான் பால்பாண்டி. அதை அவன் உரக்கச் சொன்னதால் இருளப்பசாமிக்குக் கோபம் வரவில்லை.

கயிறுகள் மட்டும் சாக்குகளுக்கு அடியிலேயே இருந்தன. அவள் கேட்கவில்லை. அவன் கொடுக்கவில்லை. முந்தானை முடிச்சும் நிற்கவில்லை. காலையில் அவனே அவிழ்த்துவிட்டு எழுந்தான். டாக்டரிடம் இல்லை என்று சொன்னது ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனோடு பஸ்ஸில் போய்த் திரும்பி வந்தது. ஒட்டிய இடம் தெரிகிற நூல் மறுபடி அறும் என்று அவனுக்குத் தெரியும். அவளும் நம்பவில்லை. நல்லவிதமாகச் சிரித்துப் பேசினாலும், அவன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடை விடுமுறை. இருளப்பசாமி போய்ப் பூட்டைத் திறந்து, சாக்குகளைப் புரட்டி, கயிறுகள் எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு தெரு வழியாகவே நடந்து வந்தான். வளவில் பெண்கள் கிணற்றடியில் இருந்தார்கள். அவனைப் பார்த்ததும் சண்முகத்தாய் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். சுடலையம்மாள் பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

அவன் கிட்டப் போகவில்லை. வாசலிலேயே நின்றான். கொடிக்கயிற்றையும் கட்டில் கயிற்றையும் மூட்டைக் கயிற்றையும் ஒவ்வொன்றாகத் தரையில் போட்டான். கட்டிக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடுவீர்கள் என்று பயந்து எடுத்தது என்றான். கடைசியாகக் கிணற்றுக் கயிறு தோளில் இருந்தது. அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டான்.

மில்லில் ஒருவன் காதருகே குனிந்து சொல்ல வேண்டிய விஷயம் அது. அவன் கூடத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரலில் சொன்னான். நாலு வீட்டிலும் கேட்டது.

"இது நைஞ்சு போகல. நல்ல கயிறு. இதை எடுத்தது எதுக்குன்னு அன்னைக்கு எனக்கே தெரியல தாயி. இப்பத் தெரியுது. நீ நெனச்சது சரிதான். டாக்டர்ட்ட பொய் சொல்லிட்டேன்."

 பால்பாண்டி வாயில் பல்பொடியோடு முற்றத்தில் நின்றான். சண்முகத்தாய் நடந்து வந்தாள். அவன் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். எதற்கு இப்படி ஊருக்கே கத்துகிறீர்கள் என்று கேட்பாள் என்று நினைத்தான். அவள் கேட்கவில்லை. கயிற்றை அங்குலம் அங்குலமாக விரலில் ஓட்டிப் பார்த்தாள், எங்கேயாவது நைந்திருக்கிறதா என்று. எங்கும் நைந்திருக்கவில்லை. இரண்டு விரலால் அவன் முகத்தைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தாள்.

பிறகு கிணற்றடிக்குப் போனாள். பால்பாண்டி வாங்கிப் போட்ட புதுக்கயிற்றைக் கப்பியிலிருந்து உருவினாள். பழைய கயிற்றைக் கோத்து, வாளியில் முடிந்து, முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அங்கிருந்தபடியே, அவளுக்கு வராத உரத்த குரலில் கூப்பிட்டாள்.

"வாங்க. தண்ணி எறைங்க. நான் குடத்தைப் பிடிக்கேன்."

அவன் போய் இறைத்தான். முதல் வாளி மேலே வருகிறவரை அவள் குடத்தைப் பார்க்கவில்லை, அவன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.